எந்த உடுப்பு போட, அக்கா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. இரவு ஒன்பது மணி தாண்டியிருக்கும். எங்கள் இரவுப் பாடசாலையில் பறை பழகும் பெண் ஒருத்தி போனும் கையுமாக வீட்டு வாசலில் வந்து நின்றாள். பெயர் வேண்டாம். 22 வயது, பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். "அக்கா, சினிமா ஆடிஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை காலையில நாகர்கோவில்ல வச்சு. எந்த உடுப்பு போட?" என்றாள்.

இருக்கிறதில் நல்லதைப் போட்டுக்கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போனை நீட்டினாள். வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பு. நம் மாவட்டத்துக் கடற்கரைப் பகுதியில் எடுக்கப்போகும் தமிழ்ப் படத்துக்கு உள்ளூர் முகங்கள் தேவையாம். பெண்களுக்கு இரண்டு பாத்திரங்கள். ஒன்று, வக்கீல் அலுவலகத்தில் ஜூனியராக இருக்கும் பெண்; வயது 21 முதல் 26; நிறம் 'ஃபேர் அல்லது மாநிறம்'; உடை 'ஸ்மார்ட்டாக, உங்கள் விருப்பம்'. இரண்டாவது, குப்பத்துப் பெண், நிறம் 'டஸ்கி', மேக்கப் கூடாது, பழைய நைட்டி அல்லது கசங்கிய பாவாடை சட்டையில் வர வேண்டும். குமரி மாவட்டத்தில் குப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சினிமாக்காரர்களின் வரைபடத்தில் ஏழைகள் இருக்கும் இடம் எல்லாமே குப்பம்தான்.

அவள் அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்து, அவள் கேட்காமலே, இரண்டாவது பாத்திரத்துக்கு அழைத்திருந்தார்கள்.

"எனக்கு ஒண்ணாவதுதான் வேணும் அக்கா. அந்தப் பொண்ணு நாலு சீன்ல பேசுது. ரெண்டாவதுல அழுதா மட்டும் போதும்" என்றாள்.

மறுநாள் காலையில் அவளுடைய அம்மா வந்தாள். குழித்துறை பக்கத்தில் ஒரு அண்டி ஆபீசில் இருபது வருடமாக முந்திரி உடைப்பவள். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்து உரிந்திருக்கும். கையில் ஒரு பை. அதில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சுடிதார், கழுத்தில் சின்னதாகப் பூ வேலைப்பாடு. விலை 1,350 ரூபாய். கொடை விழாவுக்கு எடுத்து வைத்திருந்ததாம். "டீச்சரே, எனக்க பிள்ள கிழிஞ்ச நைட்டியும் போட்டுட்டு நாலு ஆளு முன்னால போயி நிக்கவா நான் இத்தன வருசம் அண்டி ஆபீசுல குத்தவச்சிருந்தேன்? நீங்க சொல்லுங்க" என்றாள்.

அம்மாவின் கோபத்தை வெறும் தாய்ப்பாசம் என்று தள்ளிவிட முடியாது. இந்த மண்ணில் உடுப்பு என்பது வெறும் துணியாக இருந்ததே இல்லை. இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூர் சமஸ்தானமாக இருந்த காலத்தில், மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1822 முதல் 1859 வரை போராடினார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று அதை நாம் எல்லோரும் அறிவோம். 2023 மார்ச்சில் அதன் 200ஆம் ஆண்டு விழா நாகர்கோவிலில் நடந்தது. தமிழக, கேரள முதல்வர்கள் இருவரும் வந்தார்கள். மேடையில் போராட்டத்தின் வெற்றியைப் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால், 1859 ஜூலை 26ஆம் தேதி வெளியான அரசப் பிரகடனத்தில் ஒரு வால் இருந்தது. குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியால் மூடலாம், எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம். உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. சென்னை ஆளுநர் ட்ரெவெல்யானின் நெருக்குதலுக்குப் பணிந்து எழுதும்போதும் அந்த ஒரு வரியை விட அரண்மனைக்கு மனம் வரவில்லை.

மானத்தை மறைப்பதில்கூட அவர்களுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை என்பதை இந்த வரி காட்டுகிறது. பார்த்தவுடன் யார் என்ன சாதி என்று தெரியாமல் போய்விடக் கூடாது. அதுதான் அவர்களின் கவலை.

நாடார் பெண்களுக்கே அந்த நிலை என்றால் அதற்கும் கீழே வைக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 1893இல் அய்யன்காளி வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக வில்வண்டி ஏறித் தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் போனார். உடுப்பு, வண்டி, சாலை மூன்றுமே அன்று அவருக்கு மறுக்கப்பட்டவை. 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில், அடிமைத்தனத்தின் அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்மாலைகளைப் புலையர் பெண்கள் அறுத்தெறிந்தார்கள். அந்தப் பக்கம் மட்டுமல்ல. 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளைப் படித்தால் பாதிக்கு மேல் உடம்பைப் பற்றியதாகவே இருக்கும். ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி தொங்கக் கூடாது, சட்டை, பனியன் கூடாது, செருப்பும் குடையும் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கும் பட்டியல் இது.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு 2012ஐ நினைவூட்டுகிறேன். தர்மபுரி நத்தம் காலனி எரிந்த அதே காலத்தில், நம் பிள்ளைகள் ஜீன்ஸ் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுத் திரிவதே ஒரு குற்றம் என்பதுபோல மேடைக்கு மேடை பேசினார்கள். எண்பது வருடத்தில் பட்டியலில் இருந்த துணிகளின் பெயர்தான் மாறியிருந்தது.

இத்தனையும் மனதில் ஓட, நான் அம்மாவின் பக்கம் சாய்ந்தேன். வெள்ளைச் சுடிதார்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவு ஒரு நாள்கூட நிற்கவில்லை என்பது வேறு. அதற்கு முன்னால் ரோஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பி.கே.ரோஸியின் பெயர் இந்தப் பத்தியின் வாசகர்களுக்குப் புதிதல்ல. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' கதாநாயகி. படத்தை எடுத்த ஜே.சி.டேனியல் நம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். படம் வெளியான ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகை ஒத்துவராமல் திரும்பிப் போனபிறகு, காக்காரிசி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த புலையர் பெண்ணான ரோஸியை டேனியல் கண்டெடுத்தார். கொடுத்த பாத்திரம் சரோஜினி என்ற நாயர் பெண்.

படம் திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் திரையிடப்பட்டபோது ரகளை. திரையின் மீது கல் விழுந்தது. நாயகியை முதல் காட்சிக்கு உள்ளே வரவிடவில்லை. பிறகு அவர் குடியிருந்த குடிசையைத் தேடிப் போனார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பி, அந்த லாரி ஓட்டுநரையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து, தான் நடிகை என்பதைச் சொல்லாமலேயே மறைந்தார். படச்சுருளும் இன்று இல்லை.

ரோஸியின் குற்றம் என்ன? தலித் பெண் நடித்ததா? காக்காரிசி மேடையில் அவர் நடித்தபோது யாரும் கல்லெறியவில்லை. 1859 பிரகடனத்தின் வாலை மறுபடியும் படித்துப் பாருங்கள். உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. எழுபது வருடம் கழித்து, சமஸ்தானத் தலைநகரத்தில், வெள்ளைத் திரையில், ஆளுயரத்துக்கும் மேலாக, ரோஸி அதையே செய்தார். அரண்மனை எழுதிய விதியை அன்று பார்வையாளர்கள் கல்லால் நிறைவேற்றினார்கள்.

2013இல் வந்த 'செல்லுலாய்ட்' மலையாளப் படம் ரோஸியைப் பலருக்கு அறிமுகம் செய்தது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து வைத்தது. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. நல்லது. ஆனால், ரோஸி வாழ்ந்து மறைந்த இதே நாகர்கோவிலில் ஒரு கறுத்த பெண் வக்கீல் ஜூனியர் வேடத்துக்குப் படித்துக் காட்டவே முடியாது என்று வாட்ஸ்அப்பில் ஒருவன் தீர்மானித்துவிட முடிகிறது. இவளை யாரும் கல்லெறிந்து விரட்டவில்லை. 'டஸ்கி' என்று ஒரு சொல் போட்டால் முடிந்துவிடுகிறது.

எனக்கும் ஒரு கணக்கு பாக்கி உண்டு. ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் நாடகம். செய்யுள் ஒப்பிப்பதில் வகுப்பில் நான்தான் முதல். தமிழ்த்தாய் வேடம் எனக்குத்தான் வரும் என்று நம்பி, அம்மா பக்கத்துத் தெருவில் பட்டுப் பாவாடை இரவல் வாங்கி வைத்திருந்தாள். வேடம் பிரித்தபோது கையில் விளக்குமாற்றைக் கொடுத்தார்கள். வீடு பெருக்கும் வேலைக்காரி. "இவளுக்கு மேக்கப்பே வேண்டாம், வீட்டுல போடுற துணியோட வந்தாப் போதும்" என்று ஒரு ஆசிரியை சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்ட மனுஷி இல்லை. எனக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தந்தவர். அதனால்தான் அந்தச் சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. பட்டுப் பாவாடை மடிப்புக் கலையாமல் திரும்பிப் போனது. பிற்பாடு நான் முதுகலைத் தமிழ் படித்தேன். தமிழ்த்தாயாக நிற்க முடியாதவள் தமிழையே படித்துவிட்டாள் என்று என் கணவர் கேலி செய்வார்.

எனவே நைட்டி என்றதும் எனக்கு விளக்குமாறு நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பெண்ணிடம் "நீ அந்த நைட்டி ரோலுக்கே போக வேண்டாம், மறுத்துவிடு" என்று சொன்னேன். அவள் கேட்ட கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "நைட்டி போடுறது கேவலமா அக்கா? எங்கம்மா போடுது. நீங்களும் போடுறீங்க."

அவள் சொன்னது சரி. லுங்கியும் நைட்டியும் கசங்கிய சட்டையும் நம்முடைய உடுப்புகள். உழைக்கிறவன் துணி கசங்கும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. 'பரியேறும் பெருமாள்' படத்தில் பரியனின் தந்தை பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக்காரர். அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்த நெல்லை தங்கராஜ் நிஜத்திலும் கூத்துக் கலைஞர்தான். கல்லூரி வாசலில் அவரை விரட்டி வேட்டியை உருவும் காட்சியைப் பார்த்து அழாதவர்கள் உண்டா? அந்த வேடத்தை அவர் மறுத்திருந்தால் நமக்கு அந்தக் காட்சி கிடைத்திருக்காது. அவமானப்படுகிறவனை நடித்துக் காட்டுவது அவமானம் இல்லை. 'கபாலி'யில் கோட்டு போட்டது நமக்குக் கொண்டாட்டம். 'காலா'வில் அதே நடிகர் லுங்கி கட்டிக்கொண்டு தாராவியில் கிரிக்கெட் ஆடியதும் கொண்டாட்டம்தான். கோட்டும் லுங்கியும் எதிரிகள் அல்ல.

பின் என்னதான் சிக்கல்? அறிவிப்பை மறுபடியும் படித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. முதல் பாத்திரம் வக்கீல். அதற்கு வருகிற பெண்களைக் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லவில்லை. 'உங்கள் விருப்பம்' என்றுதான் எழுதியிருந்தார்கள். அதாவது, அவர்கள் நடிகைகள். வக்கீலாக நடித்துக் காட்டுவார்கள், அங்கியைக் கம்பெனி தைத்துக் கொடுக்கும். இரண்டாவது பாத்திரத்துக்கு மட்டும் வீட்டிலிருந்தே நைட்டியோடு வர வேண்டும். இவர்கள் நடிக்க வேண்டியதில்லை, இருக்கிறபடி வந்து நின்றால் போதும் என்று அர்த்தம். ஆறாம் வகுப்பு ஆசிரியை சொன்ன அதே வாக்கியம்.

நைட்டியை மறுக்க வேண்டியதில்லை. நைட்டியில் வந்து நிற்பதைத்தான் மறுக்க வேண்டும் என்று எனக்குத் தெளிந்தது. வேட உடுப்பைக் கொடுப்பது படக்கம்பெனியின் வேலை. போகிறவள் தன் உடுப்பில் போக வேண்டும்.

அந்தத் தன் உடுப்பு எது என்பதில் அடுத்த சண்டை. சென்னையில் படங்களுக்கு உடை உதவியாளராக வேலை செய்யும் தோழர் ஒருவரைப் போனில் பிடித்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "வெள்ளையா? கறுப்பான பொண்ணுன்னா வெள்ளை வேண்டாம் தோழர்." எனக்குச் சுருக்கென்றது. என்ன நீங்களும் இப்படிப் பேசுகிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்துவிட்டு, "போன் கேமராவில் எடுத்துப் பாருங்கள், அப்புறம் திட்டுங்கள்" என்றார்.

எடுத்துப் பார்த்தோம். பாடசாலைச் சுவர் முன்னால் அவளை வெள்ளைச் சுடிதாரில் நிற்கவைத்துப் பிடித்தால், சுடிதார் மட்டும் பளீரென்று தெரிகிறது. முகம் இருண்டு, கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தானாக வெளிச்சத்தைக் கணக்குப் போடும் கேமரா, சட்டத்துக்குள் வெள்ளை அதிகமாக இருந்தால் மொத்த வெளிச்சத்தையும் குறைத்துவிடுமாம். வெளுத்த முகம் அதைத் தாங்கிவிடும். கறுத்த முகம் இருட்டில் போய்விடும். முகம்தானே ஆடிஷனுக்குப் போகிறது! ஒரு காலத்தில் கோடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக விழுந்தால் போதும் என்று வைத்திருந்த உலகம் அது. கருவிக்கும் சாதி நிறம் பார்க்கும் புத்தி நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

தோழர் மேலும் சில விஷயங்கள் சொன்னார். பொடிக் கட்டம், நெருக்கமான கோடு போட்ட துணி வேண்டாம், கேமராவில் நெளியும். நெஞ்சில் எழுத்தோ கம்பெனி முத்திரையோ உள்ள பனியன் வேண்டாம், பார்க்கிறவர்கள் கண் அங்கே போய்விடும். பச்சைத் திரை கட்டியிருந்தால் பச்சைத் துணி உதவாது. கையசைத்தால் கலகலக்கும் வளையலும் சரசரக்கும் துணியும் மைக்கில் சத்தம் போடும். ஒற்றை நிறம், அழுத்தமான நிறம், உட்கார்ந்து எழுந்தாலும் இழுத்துவிட வேண்டியிராத அளவு. எந்தப் பாத்திரமோ அதன் சாயல் கொஞ்சம் இருக்கலாம். மாறுவேடப் போட்டிக்குப் போவதுபோல முழுசாக வேண்டாம். அவருடைய அனுபவத்தில், முழு வேடத்தோடு வருகிறவர்களைப் பார்த்தால் தேர்வாளர்களுக்கே கூச்சமாகிவிடுமாம்.

கடைசியில் ஜெயித்தது நான்கு வருடப் பழைய ஒரு கருநீலக் குர்தி. கல்லூரியில் அம்பேத்கர் பிறந்தநாள் கவியரங்கத்துக்கு என்று அவள் எடுத்தது. கீழே சாதாரணக் கறுப்பு பேன்ட். தேய்த்துப் போட்டதும் வக்கீல் ஆபீஸ் ஜூனியர் போலவும் இருந்தது, ஜெராக்ஸ் கடைப் பெண் போலவும் இருந்தது. போனில் எடுத்துப் பார்த்தோம். முகம் முகமாக விழுந்தது. நீலம் என்பதால் நான் ஒரு பெருமூச்சு விட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அம்மாவைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடு. "புதுசு இருக்க பழச எதுக்கு?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எனக்க பிள்ள முகம் தெரியுது" என்று மட்டும் சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு மகாத் நினைவுக்கு வந்தது. 1927 டிசம்பரில் அங்கே கூடியிருந்த பெண்களிடம், தீண்டப்படாதவர்கள் என்று அடையாளம் காட்டும் சேலைக்கட்டையும் கனத்த வெள்ளி நகைகளையும் விட்டுவிடச் சொன்னார் அம்பேத்கர். அடுத்த நாளே பெண்கள் சேலையை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தார்கள். துணியைப் பற்றிப் பேச வெட்கப்படாத தலைவர் அவர்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். ஒரு லாட்ஜின் மாடி ஹால். நாற்பது பேருக்குக் குறையாது. ஒரு பக்கம் முதல் பாத்திரத்துக்கு வந்த பெண்கள், கோட்டு மாதிரி எதையோ மேலே போட்டுக்கொண்டு. மறுபக்கம் நைட்டியில் ஏழெட்டுப் பெண்கள். பஸ்சில் நைட்டியோடு வர முடியாமல் சுடிதாரில் வந்து, அங்கே மாற்ற இடம் தேடியவர்கள். உடை மாற்ற அறை கிடையாது. படிக்கட்டுக்குக் கீழே ஒரு கழிப்பறை, தாழ்ப்பாள் விழாது. ஒருத்தி உள்ளே போக இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கை, மலையாள சினிமாவில் துணை நடிகைகளுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இல்லாத கொடுமையைப் பக்கம் பக்கமாகச் சொன்னது. படப்பிடிப்புக்குப் போகும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், ஆடிஷனிலேயே அது ஆரம்பமாகிவிடுகிறது. நைட்டியில் வா என்று எழுதத் தெரிந்தவருக்கு, அதை எங்கே நின்று மாற்றுவாள் என்று யோசிக்கத் தெரியவில்லை.

இவள் முறை வந்தது. பெயர்ப் பட்டியல் வைத்திருந்த தம்பி, பார்த்தால் நம் வீட்டுப் பிள்ளை போலத்தான் இருந்தார், "நீங்க ரோல் ரெண்டு இல்லையா? நைட்டி கொண்டு வரலையா?" என்று கேட்டார்.

"நைட்டி போட்ட பொண்ணா நடிச்சுக் காட்டுறேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணாவது ரோலையும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டட்டுமா?" என்றாள் இவள். முதல் நாள் இரவு பத்துத் தடவை சொல்லிப் பழகிய வாக்கியம். எங்கும் தடுக்கவில்லை.

தம்பி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். இரண்டு தாள் கொடுத்தார்கள். கதவு பாதி திறந்திருந்ததால் எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. வக்கீல் ஜூனியராக நான்கு நிமிடம் பேசினாள். அடுத்து இரண்டாவது பாத்திரம். துப்பட்டாவை எடுத்து இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றினாள், முடியை அள்ளி முடிந்தாள், தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். அம்மா அண்டி ஆபீசில் உட்காருகிற அதே உட்காரல். அவ்வளவுதான் அவள் செய்தது. அறையில் யாரோ "ம்" என்றது கேட்டது.

பதினெட்டு நாள் ஆகிறது. இதுவரை அழைப்பு வரவில்லை. வராமலும் போகலாம், அவளைவிட நன்றாக நடித்தவள் அந்த ஹாலில் இருந்திருக்கலாம். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. புகார் எல்லாம் அந்த அறிவிப்பைப் பற்றித்தான். படம் எடுக்கும் தம்பிகள், அதில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள், தயவுசெய்து கொஞ்சம் யோசிக்க வேண்டும். பாத்திரத்தின் வயதை எழுதுங்கள், வேலையை எழுதுங்கள், பேச்சு வழக்கை எழுதுங்கள். நிறத்தை எதற்கு எழுதுகிறீர்கள்? நாகர்கோவில் கோர்ட்டுக்கு ஒருநாள் காலை வந்து வாசலில் நின்று பாருங்கள், எத்தனை கறுத்த பெண்கள் அங்கி போட்டுப் படியேறுகிறார்கள் என்று. 'காலனி' என்ற சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசாங்கத்துக்கு உறைத்தது சினிமா வாட்ஸ்அப் குழுக்களுக்கு உறைக்க எத்தனை நாளாகும்? 'ஹவுசிங் போர்டு லுக்', 'ஸ்லம் லுக்' என்று இன்றும் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். வேட உடுப்பு வேண்டுமென்றால் நீங்கள் கொண்டுவந்து வையுங்கள். மாற்றுவதற்குத் தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையும் வையுங்கள். லாட்ஜ் ஹாலுக்கு வாடகை கொடுக்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஓர் அறைக்கும் கொடுக்க முடியாதா?

பெற்றோருக்கு ஒன்று. வீட்டிலிருந்தபடி உடுப்பு மாற்றி மாற்றிப் படம் எடுத்து அனுப்பு, இன்னும் கொஞ்சம் மாடர்னாக அனுப்பு என்று நள்ளிரவில் செய்தி அனுப்புகிறவன் காஸ்டிங் ஆள் அல்ல. கம்பெனி பெயர், இடம், நேரம் தெரியாமல் பிள்ளையை எங்கும் அனுப்பாதீர்கள். அதற்காக நடிக்கவே போகாதே என்று கதவைச் சாத்தவும் செய்யாதீர்கள். ராஜம்மாளாக ஒளிந்து வாழ்ந்த காலம் முடிந்துவிட்டது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் பாடசாலையில் ஒரு இரும்பு அலமாரி வைத்திருக்கிறோம். ஆடிஷனுக்கோ வேலை நேர்காணலுக்கோ போகிற பிள்ளைகள் எடுத்துப் போட்டுக்கொண்டு போய், துவைத்துத் தேய்த்துத் திருப்பி வைக்க வேண்டும். இப்போது ஆறு சட்டை, மூன்று குர்தி, இரண்டு பேன்ட், ஒரு ஜோடி ஷூ இருக்கிறது. வெள்ளைச் சுடிதாரை அதில் வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. கொடைக்குப் போட்டுவிட்டுத் தருகிறேன் என்றிருக்கிறாள். ஞாயிறு மாலைகளில் போன் கேமரா முன்னால் நின்று பழகும் வகுப்பும் நடக்கிறது. பையன்களுக்கு 40 அளவுச் சட்டைதான் இல்லை. அழுத்தமான ஒற்றை நிறத்தில் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். கட்டம் போட்டது வேண்டாம்.